மூட்டையா, குவிண்டாலா? ரேஷன் அரிசிக் கணக்கும் டைப் பார்க்கும் நிரல்மொழியும்

அரூரிலிருந்து 16 கிலோமீட்டர் போனால் தீர்த்தமலை. மலை மேல் தீர்த்தகிரீஸ்வரர் கோயில். படியேறுகிறவர்கள் கையில் ஒரு காலி பாட்டிலாவது இருக்கும் (அதைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனிக்கதை). மேலே இராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று ஐந்து தீர்த்தங்கள். ஒரு பாட்டிலில் இராமர் தீர்த்தமும் இன்னொன்றில் அகத்தியர் தீர்த்தமும் பிடித்துக்கொண்டு இறங்கும் ஒரு ஆயாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். "எல்லாம் தண்ணிதானே ஆயா, ஒரே பாட்டில்ல ஊத்திடட்டுமா?" என்கிறான் பேரன். "தண்ணிதான் சாமி. ஆனா ரெண்டும் வேற வேற. கலந்துடாத" என்கிறார் ஆயா.

ஹாஸ்கெல், ஓகேமல், எஃப் ஷார்ப் மாதிரியான ஃபங்ஷனல் நிரல்மொழிகள் பிடிவாதமாகச் சொல்வதும் இதையேதான். உள்ளே இருப்பது வெறும் எண்ணாகவே இருக்கட்டும், பெயர் வேறு என்றால் கலக்கக்கூடாது. இந்தப் பெயருக்கு அங்கே 'டைப்' என்று பேர். மீறிக் கலந்தால் நிரல் ஓடவே ஓடாது. கம்பைலர் வாசலிலேயே நிறுத்திவிடும்.

இது கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்கள் மேட்டர், பி.காம். ஆசாமிகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. அது மலையடிவாரத்து ரேஷன் கடையிலிருந்து தொடங்குகிறது.

ரேஷன் கடையில் அரிசி கிலோவில் போடப்படுகிறது. பாமாயில் லிட்டர் பாக்கெட்டில். அதே அரிசி லாரியிலிருந்து இறங்கும்போது மூட்டை. கிடங்குப் பதிவேட்டில் குவிண்டால். மாவட்டத்துக்கான ஒதுக்கீட்டில் டன். விற்பனையாளர் ஒருநாளும் அரிசிக் கிலோவையும் பாமாயில் லிட்டரையும் கூட்டி மொத்தம் இவ்வளவு என்று எழுதமாட்டார். எழுதினால் வரிசையில் நிற்கிற யாராவது ஒருவர் "என்னண்ணே இது?" என்று கேட்டுவிடுவார். எக்செல் கேட்காது. 60 என்று ஒரு கட்டத்திலும் 120 என்று இன்னொன்றிலும் போட்டுக் கூட்டச் சொன்னால், 180 என்று சந்தோஷமாகச் சொல்லும்.

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர் எழுதிய எல்லோருக்கும் போக்குவரத்துக் கணக்கு தெரியும். இடது பக்கம் மூன்று கிடங்கு, மேலே நான்கு கடை, நடுவில் பன்னிரண்டு கட்டங்களில் செலவு. வடமேற்கு மூலை விதியில் ஆரம்பித்து, வோகல் முறைக்கு வந்து, மோடி முறையில் சரிபார்த்து (அந்த மோடி இல்லை :-) ) கடைசியில் குறைந்தபட்சச் செலவு இவ்வளவு என்று அடிக்கோடு போட்டால் பத்து மதிப்பெண். ஒரு கட்டத்தில் 7 என்று இருந்தால் அது ஏழு என்ன? ஏழு ரூபாயா? மூட்டைக்கா, டன்னுக்கா, ஒரு லாரி நடைக்கா? கேள்வித்தாளில் பெரும்பாலும் இருக்காது. விடைத்தாளில் எழுதாவிட்டால் யாரும் மதிப்பெண் குறைப்பதும் இல்லை. எண்களிலிருந்து பெயரை உரித்துவிட்டு எண்ணை மட்டும் உருட்டுவதற்கு மூன்று வருடப் பயிற்சி.

இந்தக் கணக்குக்குப் பெரிய பரம்பரை உண்டு. 1939ல் லெனின்கிராடில் ஒட்டுப்பலகை ஆலைகளுக்கு யோசனை சொல்லப் போன லியோனிட் கான்டரோவிச் இந்த வகைக் கணக்குகளை முறையாக எழுதிவைத்தார். 1941ல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஹிட்ச்காக் போக்குவரத்துக் கணக்கைத் தனியாக எழுதினார். 1947ல் ஜார்ஜ் டான்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கொண்டுவந்தார். 1975ல் பொருளாதார நோபல் கான்டரோவிச்சுக்கும் கூப்மன்ஸுக்கும் போனது, டான்சிக்குக்குக் கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் சிலருக்கு ஆறவில்லை. அது கிடக்கட்டும்.

பாடப்புத்தகத்தோடு முடிகிற சங்கதியும் இல்லை இது. 2024 டிசம்பர் 5 அன்று மத்திய உணவுத்துறை 'அன்ன சக்ரா' என்ற கருவியை அறிமுகம் செய்தது. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டமும் ஐ.ஐ.டி. டெல்லியின் தொழில்நுட்ப மாற்ற அமைப்பும் சேர்ந்து உருவாக்கியது. எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு எந்த வழியில் அரிசி கோதுமை போனால் செலவு குறையும் என்று பார்க்கிற வேலை. நாடு முழுக்கச் சுமார் 4.37 லட்சம் ரேஷன் கடைகள், 6,700 கிடங்குகள். 30 மாநிலங்களில் ஆண்டுக்கு 250 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அரசின் மதிப்பீடு. பத்து மதிப்பெண் கேள்வியின் விசுவரூபம் இது. இதில் அவர்கள் அளக்கும் அலகு என்ன தெரியுமா? குவிண்டால்-கிலோமீட்டர். ஒரு குவிண்டால் அரிசியை ஒரு கிலோமீட்டர் நகர்த்தினால் ஒன்று. அலகின் பெயரிலேயே ஒரு பெருக்கல் இருக்கிறது. வகுப்பில் உரித்துப்போட்ட பெயர் இங்கே திரும்ப வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெயர் ஒட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஊர்ப் பெயர்கள் நிஜம், எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. அரூரில் ஒரு கிடங்கு, கையிருப்பு 300 குவிண்டால். நான்கு கடைகள்: மொரப்பூருக்கு 90 குவிண்டால், கோட்டப்பட்டிக்கு 70, மலை மேலிருக்கும் சித்தேரிக்கு 80, தீர்த்தமலைக்கு 60. கூட்டினால் 300. கச்சிதம். இப்போது தீர்த்தமலையிலிருந்து வந்த தாளில் மட்டும் தேவை மூட்டையில் எழுதியிருக்கிறது. 50 கிலோ மூட்டை, 120 மூட்டை. அவசரத்தில் யாரோ அந்த 120ஐ அப்படியே குவிண்டால் பத்தியில் தட்டிவிடுகிறார்.

மொத்தத் தேவை இப்போது 360, இருப்பு 300. சமநிலை இல்லாத கணக்கு. வகுப்பில் இதற்கு என்ன செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒரு டம்மி கிடங்கு சேர்க்க வேண்டும். அதன் இருப்பு 60, அதிலிருந்து எந்தக் கடைக்கும் செலவு பூஜ்யம். கணக்கு உடனே சமநிலைக்கு வந்துவிடும். சால்வரும் 'ஆப்டிமல்' என்று பச்சைக்கொடி காட்டிவிடும்.

அந்த 60 குவிண்டால் டம்மி அரிசி யார் தலையில் விழும்? செலவைக் குறைப்பதுதானே வேலை. எந்தக் கடைக்கு நிஜ லாரி அனுப்பினால் அதிகச் செலவோ, அந்தக் கடைக்கு டம்மியிலிருந்து அனுப்பினால்தான் அதிக மிச்சம். மலை மேலிருக்கிற சித்தேரிக்கு. 80 கேட்ட கடைக்கு 20தான் போகும். தீர்த்தமலைக் கடையில் தேவைக்கு இரண்டு மடங்கு அரிசி அடுக்க இடமில்லாமல் கிடக்கும். 60 குவிண்டால் என்றால் 6,000 கிலோ. கார்டுக்கு 20 கிலோ என்று வைத்தால் 300 கார்டுகள். ஒரு ஊரில் அலகை மாற்றி எழுதினால், இன்னொரு ஊரில் 300 வீட்டுக்காரர்கள் காலிப் பையோடு மலைப்பாதையில் திரும்ப நடக்கிறார்கள். சிவப்பு எழுத்தில் ஒரு எரர் வராது. திரையில் ஒரு சத்தமும் இருக்காது.

'மூட்டை' என்ற சொல்லே வில்லங்கமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை என்றால் 40 கிலோ நெல். ரேஷன் அரிசியில் 50 கிலோ. தனியார் வியாபாரிகளிடம் போனால் ஊருக்கு ஒரு கணக்கு. சாக்கின் எடையைச் சேர்த்தா, கழித்தா என்பது இன்னொரு பஞ்சாயத்து. சரியான எடையில் மூட்டை வேண்டும் என்பது ரேஷன் கடை ஊழியர்களின் வெகுநாள் கோரிக்கை. ஆக, மூட்டை என்ற பெயரை ஒட்டினாலும் போதாது. நெல் மூட்டையா, அரிசி மூட்டையா என்பதுவரை ஒட்ட வேண்டும்.

டைப் பார்க்கும் மொழியில் இதே கணக்கை எழுதினால்? தேவைப் பத்திக்கு 'குவிண்டால்' என்று முதலிலேயே டைப் சொல்லியிருக்கும். 120 அரிசிமூட்டை என்று எழுதி அதில் போட முயன்றால், இது அரிசிமூட்டை, இங்கே கேட்பது குவிண்டால் என்று கம்பைலர் நிறுத்தும். குவிண்டாலாக மாற்றும் ஃபங்ஷனைக் கூப்பிட்டால்தான் வழிவிடும். மாற்றினால் 60. கதை முடிந்தது, 300 கார்டுக்கும் அரிசி.

இது வெறும் பெயர்ப்பலகை வேலை மட்டுமில்லை, பெருக்கல் வகுத்தலும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு குவிண்டால்-கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்ற வாடகையைக் குவிண்டாலாலும் கிலோமீட்டராலும் பெருக்கினால் வெறும் ரூபாய் மிஞ்ச வேண்டும். கிலோமீட்டரை மறந்துவிட்டால் 'கிலோமீட்டருக்கு ரூபாய்' என்று ஒரு அசட்டு அலகு மிஞ்சும். ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் அதை வைக்க முடியாது. ஆண்ட்ரூ கென்னடி என்பவர் 1990களில் கேம்பிரிட்ஜில் தன் முனைவர் பட்டத்துக்கே இந்த அலகுக் கணக்கை நிரல்மொழிக்குள் எப்படிக் கொண்டுவருவது என்றுதான் ஆராய்ந்தார். பிறகு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்தில் டான் சைம் உருவாக்கிய எஃப் ஷார்ப்பில் அது இடம்பிடித்தது. 'ஃபிளிப்ஸ்' என்று எஃப் ஷார்ப்புக்கு ஒரு ஆப்டிமைசேஷன் நூலகம் இருக்கிறது. மாடலில் உள்ள ஒவ்வொரு மாறிக்கும் இந்த அலகுகளை ஒட்ட அதில் வழி உண்டு. ஓடும்போது வேகம் குறையுமே என்ற கவலையும் வேண்டாம். சரிபார்ப்பு முடிந்ததும் பெயர்கள் உதிர்ந்துவிடும், சால்வருக்குப் போவது வெறும் எண்கள்தான். வீட்டுக்கு வந்து சேரும்வரைதான் ஆயாவுக்குப் பாட்டில் மேல் சீட்டு வேண்டும். குடிக்கும்போது தண்ணீர்தான்.

அலகு மட்டுமே பிரச்சினை என்றால் எக்செல்லிலேயே கவனமாக இருந்து சமாளித்துவிடலாம். இன்னும் கள்ளத்தனமான பிழைகள் இருக்கின்றன. செலவு அட்டவணையில் மூன்றாவது கிடங்கு, ஐந்தாவது கடை என்று எடுக்க வேண்டிய இடத்தில் ஐந்தாவது கிடங்கு, மூன்றாவது கடை என்று எடுத்துவிடுவது ஒன்று. கிடங்கும் கடையும் சம எண்ணிக்கையில் இருந்தால் முனகலே வராது. ஹாஸ்கெல்லில் 'கிடங்கு' ஒரு டைப், 'கடை' வேறு டைப். இடம் மாற்றிக் கொடுத்தால் வாங்காது. டம்மி கிடங்குகூட அங்கே 'கிடங்கு' என்ற பெயரில் ஓசியில் நுழைய முடியாது. அரிசி இருக்கிற கிடங்கு வேறு, கணக்குக்காக இருக்கிற கிடங்கு வேறு என்று டைப்பிலேயே பிரித்துவிடலாம்.

இரண்டு தெரியாத அளவுகளைப் பெருக்கிவிடுவது அடுத்தது. லாரி எண்ணிக்கையும் தெரியாது, ஒரு லாரியில் ஏற்றுவதும் தெரியாது, இரண்டையும் பெருக்கினால் அது நேரியல் கணக்கே இல்லை, சிம்ப்ளெக்ஸ் செல்லாது. நேரியல் கோவைக்கென்று ஒரு டைப் வைத்து, அதை எண்ணால் மட்டுமே பெருக்க அனுமதித்தால், இந்தத் தப்பை எழுதவே முடியாது. மூன்றாவது இன்னும் ருசியானது. பைத்தானில் 'பல்ப்' என்று ஒரு பிரபல ஆப்டிமைசேஷன் நூலகம் உண்டு. அதில், அனுப்பும் அளவு ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஏற்றுக்கூலியைச் சேர் என்று சாதாரண 'இஃப்' போட்டு எழுதத் தோன்றும். ஆனால் அனுப்பும் அளவு இன்னும் தெரியாதே, அதைக் கண்டுபிடிக்கத்தானே இந்தப் பாடு! அந்த ஒப்பீடு உண்மையா பொய்யா என்ற விடையைத் தராது, ஒரு நிபந்தனைப் பொருளைத் தரும். பைத்தான் அதைப் பார்த்து 'ஏதோ இருக்கிறது, ஆகவே உண்மை' என்று எடுத்துக்கொண்டு எல்லாக் கடைக்கும் ஏற்றுக்கூலி போட்டுவிடும். பல்ப் வாங்குவது என்றால் இதுதான் :-). ஹாஸ்கெல்லில் நிபந்தனை என்பது ஒரு டைப், உண்மை-பொய் என்பது வேறு டைப். 'இஃப்' அதைத் தொடவே தொடாது.

விட்டுப்போன கடைப் பிரச்சினையும் உண்டு. 2010ல் வெளிவந்த ரைன்ஹார்ட்-ரோகாஃப் ஆய்வுக் கட்டுரை, நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி உலகமே பேசியது. 2013ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அந்த எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தார். சராசரி எடுக்கும் வரம்பு 20 நாடுகளில் ஐந்தை விட்டுவிட்டு முன்னதாகவே முடிந்திருந்தது. மவுஸை ஐந்து வரி கீழே இழுக்க மறந்த கதை. ஃபங்ஷனல் மொழியில் வரம்பை இழுக்கிற வேலையே இல்லை. எல்லாக் கடைக்கும் இந்த நிபந்தனை என்று ஒரு வரி, அந்தப் பட்டியலில் எத்தனை கடை இருந்தாலும் சரி. கடைகளை ஒரு டைப்பாகவே பட்டியலிட்டுவிட்டால் இன்னும் வசதி. பெரிய கடையைப் பிரித்துப் பகுதிநேரக் கடை ஒன்று திறந்து, அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டு அதன் தேவையை எழுத மறந்தால், இந்தக் கடைக்கு என்ன என்று சொல்லவில்லையே என்று கம்பைலர் எச்சரிக்கும். எக்செல்லில் காலிக் கட்டம் என்றால் பூஜ்யம். பூஜ்யம் தேவை என்றால் பூஜ்யம் அரிசி.

சரி, கணக்குப்பதிவியலுக்கும் இதற்கும் நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. பிளஸ் ஒன்னில் எல்லோரும் படித்தது: இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள். விடுபிழை, ஈடுசெய் பிழை, விதிப்பிழை. இயந்திரம் வாங்கிய செலவைப் பழுதுபார்ப்புக் கணக்கில் எழுதினால் பற்றும் வரவும் சரியாகவே இருக்கும். இருப்பாய்வு அழகாகக் கூடிவரும். முதலினமும் வருவாயினமும் மாறிப்போனதை இருப்பாய்வால் சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்கு எண்தான் தெரியும், இனம் தெரியாது. விதிப்பிழை என்பது அச்சு அசல் டைப் பிழை. சால்வர் சொல்கிற 'ஆப்டிமல்' என்பதும் இருப்பாய்வு கூடிவந்த மாதிரிதான். எழுதிக்கொடுத்த கணக்குக்கு இதைவிட நல்ல விடை இல்லை என்கிறது. எழுதிக்கொடுத்தது சரியா என்று அதை யாரும் கேட்கவும் இல்லை, அது சொல்லவும் இல்லை.

கணக்கு எழுதுபவர்கள் கவனமாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு 1983ஆம் வருடத்துக் கனடா விமானக் கதை. ஏர் கனடா 143, போயிங் 767. மெட்ரிக் முறைக்கு நாடு மாறிக்கொண்டிருந்த நேரம். தேவையான எரிபொருள் 22,300 கிலோ. டாங்கியில் இருக்கும் லிட்டரை எடைக்கு மாற்ற 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். 1.77 என்பது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு. கிலோவுக்கு 0.8 போட்டிருக்க வேண்டும். கிடைத்த பவுண்டைக் கிலோ என்று நினைத்து, தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பினார்கள். 41,000 அடி உயரத்தில் தீர்ந்துபோனது. விமானி அதைக் கிளைடர் மாதிரி மிதக்கவிட்டு கிம்லி என்ற பழைய விமானதளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, கணக்குப் போட்டவர்கள் சோம்பேறிகள் இல்லை. தரைப் பணியாளர்களும் விமானிகளும் கணக்கை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்கள், ஒவ்வொரு முறையும் அதே 1.77ஐக் கொண்டு. எண் சரி, பெருக்கல் சரி, பெயர்தான் இல்லை. கவனம் என்பது மனிதனுக்கு மதியம் மூன்று மணிக்குமேல் தீர்ந்துபோகிற சரக்கு. கம்பைலருக்குத் தூக்கம் வராது.

இதுவரை சொன்னதெல்லாம் பிழை பிடிக்கிற பெருமை. ஆனால் டைப் மொழியில் ஆப்டிமைசேஷன் மாடல் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

டம்மி கிடங்கின் செலவு பூஜ்யம் என்று வகுப்பில் போட்டார்களே, அந்தப் பூஜ்யத்துக்கு என்ன அர்த்தம்? ஒரு கடைக்கு அரிசி போகாவிட்டால் அதனால் யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை என்று அர்த்தம். பாடப்புத்தகத்துக்கு அது கணிதத் தந்திரம். சித்தேரியில் கார்டு வைத்திருப்பவருக்கு அது அவர் பசிக்குப் போட்ட விலை. நடைமுறை மாடல்களில் பூஜ்யத்துக்குப் பதில் ஒரு அபராதம் போடுவார்கள்: மொத்தச் செலவு என்பது போக்குவரத்துச் செலவோடு, பற்றாக்குறையின் நூறு மடங்கைக் கூட்டியது என்று ஒரு வரி. அந்த 100 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் எழுதியவர் விரல் நுனியிலிருந்து. குவிண்டால்-கிலோமீட்டருக்கு 4 ரூபாய் வாடகை என்று வைத்தால், 16 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைக்கு ஒரு குவிண்டால் கொண்டுபோக 64 ரூபாய். 100ஐவிடக் குறைவு, ஆகவே லாரி போகும். 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலைக்கடைக்கு 160 ரூபாய். 100 ரூபாய் அபராதம் கட்டுவதே லாபம், ஆகவே லாரி போகாது. இருப்பு குறையவே இல்லை, கிடங்கு நிறைய அரிசி இருக்கிறது, ஆனாலும் போகாது. விரல் நுனியில் வந்த ஒரு 100 ஒரு மலையைப் பட்டினி போடும். இங்கே அலகுப் பிழைகூட நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சாதாரண மொழியில் அந்த வரி யார் கண்ணையும் உறுத்தாது, எண்ணோடு எண் கூடுகிறது. டைப் பார்க்கும் மொழியில் அந்த 100 அப்படியே நுழைய முடியாது. ஒரு பக்கம் ரூபாய், இன்னொரு பக்கம் அரிசி கிடைக்காத குவிண்டால். இரண்டையும் கூட்ட வேண்டுமென்றால், அரிசி கிடைக்காத ஒரு குவிண்டாலுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரு விகிதத்தை, அலகோடு, பெயரோடு எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் கம்பைலர் விடாது. 100 என்பது தவறு என்று அது சொல்லாது. அது அதன் வேலையும் இல்லை. ஆனால் 'பசிக்கு விலை' என்று ஒரு வரி வெளிச்சத்தில் வந்து நிற்கும். வவுச்சர் மாதிரி. தணிக்கைக்கு வருபவர் அந்த வரியைக் காட்டி, இந்தத் தொகையை யார் அனுமதித்தது என்று கேட்கலாம். 2013ஆம் வருடத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் (தமிழ்நாட்டில் 2016 நவம்பர் 1 முதல் நடைமுறை) 8ஆம் பிரிவில், உரிய தானியம் கிடைக்காதவருக்கு மாநில அரசு உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும் என்கிறது. சட்டத்தின் கண்ணில் அந்த விலை பூஜ்யமும் இல்லை, மாடல் எழுதுபவரின் விருப்பமும் இல்லை.

எதிர்க்கேள்விகள் வரும். தாலுகா அலுவலகத்தில் யார் ஹாஸ்கெல் எழுதப்போகிறார்கள்? யாரும் எழுத வேண்டாம். கிடங்கு எழுத்தர் அல்ல, அவருக்குக் கருவி செய்துகொடுப்பவர்தான் எழுத வேண்டும். எக்செல் போதாதா? எக்செல்லோடு வருகிற சால்வர் 200 மாறிகளுக்கு மேல் வாங்காது. 15 கிடங்கு, 15 கடை என்றாலே 225 ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் இந்த மாதிரி மொழி தெரிந்தவர்கள் கிடைப்பார்களா? சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் நடத்திய ஹாஸ்கெல் பாடம் என்.பி.டி.இ.எல்.லில் இலவசமாகவே கிடைக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சக்தி புராசஸர் ப்ளூஸ்பெக் என்ற மொழியில் வடிவமைக்கப்பட்டது. அது ஹாஸ்கெல் வழி வந்தது, அதன் கம்பைலரே ஹாஸ்கெல்லில் எழுதப்பட்டது. ஹாஸ்கெல் மொழியின் 1992 அறிக்கையை எழுதியவர்கள் பட்டியலில் ரிஷியூர் நிகில் என்று ஒரு பெயர் இருக்கிறது. நீடாமங்கலம் பக்கத்து ஆட்கள் படித்தால் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காருவார்கள். சிப் வடிவமைக்க இத்தனை ஜாக்கிரதை வேண்டும் என்று ஒப்புக்கொள்கிற ஊர், அரிசி அனுப்ப வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் தெரியவில்லை.

நியாயமான எதிர்க்கேள்வி வேறொன்று. டைப் எல்லாம் நிரலின் உள்ளேதான். கடையிலிருந்து வரும் தாளுக்கு டைப் கிடையாது. வாசலில் உட்கார்ந்து 120 என்ற எண்ணுக்கு 'குவிண்டால்' என்று தப்பான சீட்டு ஒட்டிவிட்டால், அதற்கப்புறம் மொத்த நிரலும் அந்தப் பொய்யை மிகுந்த விசுவாசத்தோடு கடைசிவரை சுமந்துபோகும். இதற்குப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: ஆயிரம் கட்டங்களில் எங்கே தப்பு என்று தேடுவதற்குப் பதிலாக, சீட்டு ஒட்டுகிற ஒரே வாசலைக் காவல் காத்தால் போதும். அந்த வாசலில் உட்கார வேண்டியவர் நிரல் எழுதுபவரே இல்லை. நெல் மூட்டைக்கும் அரிசி மூட்டைக்கும், சாக்கு எடைக்கும் நிகர எடைக்கும் வித்தியாசம் தெரிந்தவர். சரக்கேட்டைப் படித்த வணிகவியல் ஆளுக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது.

கிலோமீட்டரையும் அவர்தான் பார்க்க வேண்டும். இதே தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் தொகுதியில், கோட்டூர் மலைக்கிராமத்துக்கு 2019 நாடாளுமன்றத் தேர்தலின்போது வாக்குப்பதிவு எந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறிப் போயின, லாரி போகப் பாதை இல்லாததால். வரைபடத்தில் அதுவும் கிலோமீட்டர்தான். லாரிக் கிலோமீட்டர் ஒரு டைப், கழுதைக் கிலோமீட்டர் வேறு டைப்.